படைவீடா, வேலூர்க் கோட்டையா, ஆற்காடா? இளையோர் மாய நாவலுக்கு அரசவை தேர்ந்தெடுப்பது

வேலூரைப் பற்றி ஒரு பழம்பேச்சு உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. சாமி 1981 மார்ச்சில் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் கரை தொட்டு வெள்ளம் போனது. ராஜா மட்டும் இன்னும் வரவில்லை. 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அரசவையும் மாயமும் கலந்த வரலாற்று நாவல் எழுத உட்காரும் வடார்க்காட்டுக்காரர்களை இழுப்பது அந்தக் காலி அரியணைதான்.

இழுக்கட்டும், நல்லதுதான். ஆனால் இப்படி எழுதிய பிரதிகளை மதிப்பிட எடுத்தால் திரும்பத் திரும்ப ஒரே குறை தட்டுப்படுகிறது. அது எந்த அவை என்று தெரிவதில்லை. வெண்சாமரம், சிம்மாசனம், ‘மன்னா!’ என்று கூவிக்கொண்டு ஓடிவரும் காவலன், வெள்ளைத் தாடி ராஜகுரு, அவர் கையில் ஒளிவிடும் கோல். இதைத் தஞ்சாவூரில் வைத்தாலும் இப்படியே இருக்கும், ஆற்காட்டில் வைத்தாலும் இப்படியே இருக்கும். மாயம் எங்கிருந்தோ வந்து இறங்கி, மண்ணில் ஒட்டாமல் நிற்கும். எந்த அவை என்று முடிவு செய்த அன்றைக்கே, அங்கே எந்த மாயம் நடக்கலாம், அதற்கு யார் விலை கொடுப்பார்கள், கதை சொல்லும் பிள்ளை எந்த வாசல் வழியாக உள்ளே நுழையும் என்பதெல்லாம் பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறவருக்கும் மதிப்பிடுகிறவருக்கும் முதல் கேள்வி அவையைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்.

வடார்க்காடு என்று இங்கே சொல்வது 1989-இல் பிரிப்பதற்கு முந்தைய பழைய மாவட்டத்தை. இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் அதில் அடக்கம். பிரித்தபோது தெற்குப் பாதிக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். இன்று நம் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. எழுத வேண்டியதன் காரணம் அதிலேயே இருக்கிறது.

செங்கத்து நன்னனின் அவையையும் சிலர் எடுக்கிறார்கள். அவனைப் பாடும் சங்கப் பாட்டான மலைபடுகடாமின் 583 அடிகளில் அவன் நாடும் நவிரமலையும் மலையின் ஓசைகளும் நிறைந்து கிடக்கின்றன. அந்தப் பக்கத்து நடுகற்கள் கூடவே வருகின்றன. ஆனால் அந்தப் பாட்டில் இருப்பது அவைக்குப் போகும் வழி. அவைக்குள் யார் யாருக்கு எதிராக நின்றார்கள் என்பதற்கு அதில் பிடி கிடைக்காது. அவைச் சூழ்ச்சி வேண்டிய நாவலுக்கு இது போதாது. பயணக் கதை எழுதுகிறவர் தாராளமாக எடுக்கலாம்.

படைவீடு: சொல்லே மாயம்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் போனால் ஜவ்வாது மலையடியில் படைவீடு. இன்று ரேணுகாம்பாள் கோயிலுக்காகப் போகும் ஊர். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் சம்புவராயரின் தலைநகர் அது. நாட்டுக்கு ராஜகம்பீர ராஜ்யம் என்று பெயர், மேலே ராஜகம்பீரன் மலைக்கோட்டை. சோழரும் பாண்டியரும் ஓய்ந்து, விஜயநகரம் இன்னும் இறங்கிவராத சிறு இடைவெளியில் தமிழ் பேசிய அவை இது. ராஜநாராயண சம்புவராயரின் கல்வெட்டுகளில் ‘சகலலோகச் சக்கரவர்த்தி’ என்ற பட்டம் வருகிறது. பாலாற்றுக்கும் பெண்ணைக்கும் நடுவே ஆண்டவருக்கு எல்லா உலகங்களின் சக்கரவர்த்தி என்று பட்டம்! இளையோர் நாவலுக்கு இதைவிட நல்ல அரசன் கிடைப்பது கஷ்டம்: பெரிய பெயர், சின்ன நாடு, வடக்கே எழும்பும் புழுதி. 1360-ஐ ஒட்டி விஜயநகர இளவரசன் குமார கம்பணன் வந்து வென்றுவிடுகிறான். அவன் மனைவி கங்காதேவி அந்தப் படையெடுப்பைச் சமஸ்கிருதக் காவியமாகவே எழுதிவைத்தார். அதில் ஒரு பெண் தெய்வம் கம்பணன் முன் தோன்றி, பாண்டியர் வழி வந்த தெய்வ வாளைக் கொடுக்கிறாள். ஆக, எதிரியிடம் வாள் இருக்கிறது. சம்புவராயரிடம் என்ன இருந்தது?

என்னுடைய பதில்: பாட்டு. இந்த அவைக்கு மாய விதிகளைப் புதிதாகக் கண்டுபிடிக்கவே வேண்டாம். புலவர் பாடும் முறைக்கு விதி சொல்லும் நம் பாட்டியல் நூல்கள் அவற்றை ஏற்கெனவே எழுதிவைத்திருக்கின்றன. ஒருவரைத் தலைவராக வைத்துப் பாடும்போது முதல் சொல்லுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்க வேண்டும். அதில் உண்டிப் பொருத்தம் எழுத்துகளை அமுதென்றும் நஞ்சென்றும் பிரிக்கிறது. யா, யோ, ரா, ரோ, லா, லோ, ளா, ளோ, ஆய்தம் எல்லாம் நச்செழுத்து. தானப் பொருத்தம் இன்னும் கூர்மையானது. உயிரெழுத்துகளை ஐந்து கட்டாகப் பிரிக்கிறார்கள்: அ ஆ, இ ஈ ஐ, உ ஊ ஔ, எ ஏ, ஒ ஓ. தலைவன் பெயரின் முதலெழுத்து எந்தக் கட்டில் வருகிறதோ அது பாலன். அங்கிருந்து வரிசையாகக் குமரன், அரசன், மூப்பு, மரணம். முதல் மூன்றில் பாட்டுத் தொடங்கலாம், பின் இரண்டில் கூடாது. உயிர்மெய்க்கு அதில் ஏறியிருக்கும் உயிரைப் பார்க்க வேண்டும்.

இதை நம் அரசனுக்கே போட்டுப் பாருங்கள். இராசநாராயணன். முதலெழுத்து இ, ஆகவே இகரம் பாலன். உகரம் குமரன், எகரம் அரசன், ஒகரம் மூப்பு. சுற்றி வந்தால் அகரம் மரணம். ‘திரு’ என்று தொடங்கினால் நலம். ‘புகழ்’ என்று தொடங்கினால் நலம். ‘மன்னா’ என்று தொடங்கினால்? ம-வில் அகரம், மரணம். ‘அரசே’ மரணம். ‘வாழ்க’ என்று வாழ்த்தித் தொடங்கினாலும் மரணம்! எல்லாப் பிரதியிலும் காவலன் கூவிக்கொண்டு வரும் அதே ‘மன்னா’, இந்த அவையில் பாட்டின் முதல் சொல்லானால் கொலைக் கருவி. இப்போது அவனுடைய பட்டப்பெயரை எடுங்கள். சகலலோகச் சக்கரவர்த்தி: முதலெழுத்து ச, அகரமே பாலன். அதே ‘மன்னா’ இப்போது ஆசீர்வாதம். புலவன் எந்தப் பெயரை மனத்தில் வைத்துப் பாடினான்? இயற்பெயரை வைத்து எண்ணுவதே வழக்கம் என்பதால், தன் இயற்பெயரை மறைக்கும் அரசன், அதைத் தெரிந்துகொண்ட 14 வயதுப் பெண் என்று கதை தானாக நகரத் தொடங்கும். அறம் வைத்துப் பாடினால் தலைவன் மாள்வான் என்ற நம்பிக்கை நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால் வாசகருக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

இன்னொரு கொடையும் உண்டு. கண் தெரியாதவர் தோளில் கால் நடவாதவர் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போன இரட்டைப் புலவர்கள் பாடிய காஞ்சி ஏகாம்பரநாதர் உலாவில் சம்புவராயர் புகழ் வருகிறது. ஒருவர் பாதி வெண்பா சொல்ல, மற்றவர் மீதியை முடிப்பார். மந்திரம் இரண்டு வாயில் பாதி பாதியாக இருக்கிறது, ஒருவரைப் பிடித்துவிட்டால் மற்றவர் பாதி வீண் என்று இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இருவரையே பாத்திரமாக்கி இல்லாத பாட்டை அவர்கள் வாயில் போடாதீர்கள். அவர்கள் மரபில் வரும் இரண்டு பிள்ளைகளைப் படையுங்கள்.

இந்த அவையில் எங்கே சறுக்கும்? பாட்டில்தான். பாட்டே ஆயுதம் என்றான பிறகு பக்கத்தில் நிற்கும் வெண்பா தளை தட்டினால் நாவல் அங்கேயே சாகும். ஒரு நாவலுக்கு ஆறு அல்லது ஏழு வெண்பா போதும், ஆனால் ஏழும் சுத்தமாக இருக்க வேண்டும். வெண்டளை பிறழாமல், ஈற்றடி முச்சீராய், கடைசிச் சீர் நாள் மலர் காசு பிறப்பில் ஒன்றாய் முடிகிறதா என்று யாப்பு தெரிந்த ஒருவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகே வெளியே விடுங்கள். அடுத்த சறுக்கல் அடுக்களையில். படைவீட்டுச் சட்டியில் மிளகாய் கிடையாது. போர்ச்சுகீசியருக்குப் பிறகு வந்தது அது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி எல்லாம் அப்படியே. காரத்துக்கு மிளகு. கத்திரிக்காயை எந்த அவையிலும் தைரியமாகப் பரிமாறலாம், இலவம்பாடிக்காரர்கள் மகிழ்வார்கள்.

மாயத்துக்கு உடல் வேண்டும் என்று நினைப்பவர்கள் ரேணுகையை எடுக்கலாம். தலையும் உடலும் மாறிச் சேர்ந்த தாய் அவள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாகப் போய் உடலோடு சேர்வதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அது இன்றும் வழிபாட்டில் இருக்கும் அம்மன். நாவலில் வரலாம், நாயகி நினைத்தபோது வரவழைக்கும் சக்தியாக வரக்கூடாது. அப்படி எழுதினால் இங்கே வாசகர் மனம் புண்படும், கதைக்கும் ஆபத்து: கேட்டதைக் கொடுக்கும் அம்மன் இருந்தால் நாயகி எதற்கும் கஷ்டப்பட மாட்டாள்.

வேலூர்க் கோட்டை, 1614: அழுக்கு மூட்டைக்குள் இளவரசன்

தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகரத்தின் மிச்சம் பெனுகொண்டா, சந்திரகிரி என்று இறங்கி, கடைசியில் வேலூருக்கு வந்தது. இரண்டாம் வேங்கடபதி 1614 அக்டோபரில் இறக்கிறார். அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை வாரிசாக்கிவிட்டுப் போகிறார். ஆனால் பாயம்மா என்ற அரசி வளர்க்கும் ஒரு பிள்ளையும் அரண்மனையில் இருக்கிறான். அவள் கர்ப்பம் என்று நடித்து, ஒரு பிராமணப் பெண்ணின் குழந்தையைக் கொண்டுவந்து தன் பிள்ளை என்று காட்டினாள் என்பது அக்காலப் பேச்சு. அவள் பிறந்த வீட்டைச் சேர்ந்த ஜக்கராயன் அந்தப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, ஸ்ரீரங்கனையும் குடும்பத்தையும் கோட்டைக்குள் சிறைவைக்கிறான். யாச்சம நாயக்கர் ஒருவர்தான் எதிர்த்து நிற்கிறார். அரண்மனைத் துணி வெளுக்கும் வண்ணார் ஒருவர், ஸ்ரீரங்கனின் 12 வயது மகன் ராமதேவனை அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்துக் கோட்டைக்கு வெளியே கொண்டுவந்துவிடுகிறார். அதன்பின் குடும்பம் முழுவதும் கொல்லப்படுகிறது. இரண்டு ஆண்டு போர், காவிரிக்கரைத் தோப்பூரில் ஜக்கராயன் சாவு, சிறுவனுக்கு முடிசூட்டு. இவ்வளவும் பாரதாஸ் என்ற ஏசுசபைப் பாதிரியார் கொச்சியிலிருந்து 1616 டிசம்பரில் எழுதிய கடிதத்தாலும் தெலுங்கு மரபாலும் நமக்குக் கிடைத்தவை.

அந்த வண்ணாரின் பெயர் கடிதத்தில் இல்லை. ஒரு பேரரசின் வாரிசைத் தோளில் சுமந்தவர் பெயரில்லாமல் போனார். நாவல் நுழைய வேண்டிய கதவு அதுதான் என்பது என் உறுதியான கருத்து. முதல் நாவல் எழுதுகிற யாருக்கும் மற்ற அவைகளைவிட இதையே முன்வைப்பேன்.

ஏன் வண்ணார் மட்டும் வாசல் தாண்ட முடிந்தது என்பதை முதலில் யோசியுங்கள். தீட்டுத் துணி எடுக்க, சடங்குக்கு மாற்றுத் துணி கொடுக்க, நடைபாவாடை விரிக்க என்று அந்தப்புரம் வரை அவர்கள் போய்வர வேண்டும். அழுக்கு மூட்டையைக் காவலன் தொட்டுப் பிரித்துப் பார்க்க மாட்டான். சாதி கட்டிய இழிவே அன்று காவலை உடைக்கும் சாவியாகிறது. இதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி, அனுதாபம் வழியாமல் எழுத முடிந்தால் நாவலின் பாதி வேலை முடிந்தது. வண்ணார் மகளை நாயகியாக்கலாம். வீட்டில் அவள் அப்பாவை ‘நைனா’ என்றும் பாட்டியை ‘ஆயா’ என்றும் கூப்பிடட்டும். அது இந்த மண்ணின் பேச்சு. ஆனால் இன்றைய பஸ் நிலையப் பேச்சை அப்படியே 1614-க்குத் தூக்கிப் போனால் கெட்டுவிடும்; உறவுச் சொற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரண்மனைக்குள் தெலுங்கு ஓடும். அவளுக்கு அரைகுறையாகப் புரியும். ஒட்டுக்கேட்கும் காட்சிகளில் அந்த அரைகுறையே பதற்றத்தைக் கொடுக்கும்.

மாயம்? வண்ணான் குறி. யாருடைய துணி எது என்று அடையாளம் வைக்கச் சேங்கொட்டைச் சாறால் துணி ஓரத்தில் போடும் புள்ளியும் கோடும். சேங்கொட்டையில் ஊசியைக் குத்தினால் வரும் சாறு துணியில் பட்டுச் சுண்ணாம்போடு சேர்ந்தால் கன்னங்கரேல் என்று பிடித்துக்கொள்ளும். வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. எழுதப் படிக்கக் கூடாதென்று ஒதுக்கப்பட்டவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட எழுத்து அது. வெளியாள் படிக்க முடியாது. ஒருவருடைய உடை ஓரத்தில் அந்தக் குறியை மாற்றிப் போட்டால், பார்க்கிறவர் கண்ணுக்கு அவர் வேறொருவராகத் தெரிவார் என்று ஒரே ஒரு விதியை வையுங்கள். மூட்டைக்குள் இளவரசன் தெரியாமல் போனது எப்படி, பிராமணக் குழந்தை அரசி மகனாகத் தெரிந்தது எப்படி என்று இரண்டுக்கும் அந்த ஒரு விதி பதில் சொல்லும். பாயம்மாவுக்கும் ஒரு வண்ணார் உதவியிருக்கிறார்! நாயகியின் ஆயாவாகவே இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே குற்றம் வந்துவிடுகிறது.

விலையும் பொருளிலேயே இருக்கிறது. சேங்கொட்டைச் சாறு தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாகும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு கொப்புளம். பெரிய மாற்றத்துக்கு முழங்கை வரை. ஆறாவது தடவையில் விரல் மடங்காது. மாயத்துக்குக் கணக்கு வைத்தால்தான் வாசகர் பயப்படுவார். அத்தியாயம் தோறும் எத்தனை குறி போட்டாள், கையில் என்ன மிச்சம் என்று எழுதுகிறவர் தனித்தாளில் குறித்துவைக்க வேண்டும். வலது கை பெருவிரல் 9-ஆம் அத்தியாயத்தில் புண்ணாகி, 11-இல் அதே விரலால் ஊசி கோக்கிறாள் என்றால் கூர்மையான பிள்ளை உடனே பிடித்துவிடும்.

நாள் கணக்கும் இந்த அவைக்கு அழகாக அமைகிறது. 1614 தமிழ் வருடப் பெயரில் ஆனந்த, அடுத்தது ராட்சச. இரண்டு பாகத்துக்கும் தலைப்புத் தேட வேண்டாம்.

அதே கோட்டைக்கு ஒரு முன்கதையும் உண்டு. ஜலகண்டேஸ்வரர் கோயிலோடு பெயர் சேர்ந்த சின்ன பொம்ம நாயக்கர் அவையில் அப்பய்ய தீட்சிதர் இருந்தார். நாயக்கர் அவரைப் பொன்னால் நீராட்டியதையும், 500 பேர் படிக்க ஏற்பாடு செய்ததையும் ஆரணிப் பக்கம் அடையபலம் கோயிலில் 1582-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஊமத்தையைக் குடித்து, அறிவு மயங்கிய நிலையிலும் மனம் சிவனிடம் நிற்கிறதா என்று தன்னைத் தானே சோதித்து, அப்போது வாயில் வந்ததைச் சீடர்களை எழுதச் சொன்னார் என்று மரபுக் கதை. இதைக் கிழவர்கள் சொல்லும் நினைவாக ஒரு பக்கத்தில் வைக்கலாம். ஊமத்தை நிஜமான நஞ்சு. இளையோர் நூலில் எவ்வளவு, எப்படி என்ற பக்குவத்தை ஒரு வரி கூட எழுதாதீர்கள். சேங்கொட்டைக்கும் அதே எச்சரிக்கை.

கோட்டையை எழுதும்போது பெரும்பாலோர் வழுக்குவது அகழியில். முதலை, முதலை, மேலும் முதலை. ஒரு காட்சிக்குப் போதும். அதைவிட, அந்தக் கருங்கல் சுவரில் காலை வெயில் எந்தப் பக்கம் விழும், வாசலிலிருந்து கல்யாண மண்டபம் எத்தனை அடி, யாளித் தூணுக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்றால் மறையுமா என்பதை ஒரு நாள் நேரில் போய் நடந்து எண்ணுங்கள். உள்ளே இருக்கும் மகால்களில் பலவற்றுக்குப் பிற்காலப் பெயர். 1614-இல் ‘திப்பு மகால்’ என்று எழுதிவிடக் கூடாது.

ஆற்காடு: அழகு அதிகம், வேலையும் அதிகம்

1710 வாக்கில் சாதத்துல்லா கான் காலத்தில் ஆற்காடு நவாப்பின் தலைநகராகிறது. செஞ்சி தேசிங்கு ராஜன் 1714-இல் விழுந்தது இந்த அவையின் படையிடம்தான். கதைப்பாட்டில் வரும் பாராசாரிக் குதிரையை இங்கே இழுத்துவரலாம். அடுத்த தலைமுறையின் கொலை வரிசை நெஞ்சை உலுக்கும்: 1742-இல் சப்தர் அலியை வேலூரில் மைத்துனர் முர்தஸா அலி கொல்கிறார், முதலில் நஞ்சு, அது பலிக்காமல் கத்தி. சப்தர் அலியின் சிறு பிள்ளை முகம்மது 1744-இல் ஆற்காட்டில் ஒரு கல்யாண வீட்டில் குத்தப்படுகிறான். அந்த வருடத்தின் தமிழ்ப் பெயர் ரக்தாட்சி: இரத்தக் கண்.

இங்கே மாயம் எழுத ரமல் என்ற குறிபார்க்கும் கலை இருக்கிறது. எண்ணாமல் 16 வரி புள்ளி வைப்பது. ஒவ்வொரு வரியிலும் இரண்டிரண்டாக அடித்தால் மிஞ்சுவது ஒன்றா இரண்டா என்று பார்ப்பது. நாலு வரிக்கு ஒரு உருவம். உருவங்கள் மொத்தம் 16. பிள்ளைகள் மணலில் போட்டுப் பார்க்கலாம், பக்கத்தில் படமாகவும் அச்சிடலாம். தாயத்துக்குள் வைக்கும் எண் சதுரமும் உண்டு: 4, 9, 2, கீழே 3, 5, 7, அதன்கீழே 8, 1, 6. எப்பக்கம் கூட்டினாலும் 15. ஒரு எண்ணை மாற்றி எழுதினால் அது காப்பா, வலையா என்பதில் ஒரு அத்தியாயமே நிற்கும்.

ஆனாலும் முதல் நாவலுக்கு இதைச் சொல்லத் தயங்குகிறேன். ஓதிப் பார்ப்பவர், வைத்தியம் பார்க்கும் ஹகீம், தர்காவில் இருக்கும் பெரியவர், விலக்கப்பட்ட சூனியம் செய்பவர் என்று நான்கு பேர் இங்கே வேறு வேறு. நான்கையும் ஒரே ‘மந்திரவாதி பாய்’ ஆக்கிவிடும் பிரதிகள் வருகின்றன. அறியாமையால்தான் வருகின்றன, ஆனால் காயம் காயம்தான். சூனியம் இஸ்லாத்தில் பெரும் பாவம் என்பதே கதைக்கு வலு. நவாப் வீட்டில் அதைச் செய்யத் துணிகிறவர் எதை இழக்கிறார் என்று எழுதலாம். 1729-இல் கட்டிய திப்பு மஸ்தான் அவுலியா தர்காவை, பின்னால் ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டு அவன் திப்பு சுல்தான் ஆனதை, மாயமாக்காமல் நம்பிக்கையாகவே விடுங்கள். மேல்விஷாரத்திலோ ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ வீட்டு வழக்கம் தெரிந்த இரண்டு பேராவது படித்துப் பார்க்க வேண்டும்.

அவைமொழி பாரசீகம். திவான், பக்‌ஷி, முன்ஷி, கில்லேதார், சோப்தார் என்று பதவிகள் அடுக்கடுக்காக வரும்; முதல் 20 பக்கத்தில் நான்குக்கு மேல் இறக்கினால் பிள்ளை மூடி வைத்துவிடும். தமிழ் பேசும் கணக்குப்பிள்ளையின் மகனையோ லப்பை வீட்டுப் பெண்ணையோ கதைசொல்லி ஆக்கினால் சொற்கள் அவர்களுக்குப் புதிதாக அறிமுகமாவதுபோலவே வாசகருக்கும் அறிமுகமாகும்.

கிளைவின் 1751 முற்றுகையை உச்சமாக வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். 50 நாள், நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகள், டெல்லி கேட். வேண்டாம் என்பேன். அந்தக் கணத்தில் கதை நவாப் அவையை விட்டுவிட்டு ஒரு வெள்ளைக்காரனின் வீரக் கதையாகத் திரும்பிவிடுகிறது. யானைகள் குண்டடி பட்டு வெருண்டு சொந்தப் படையையே மிதித்ததை, பாகன் பிள்ளையின் கண்ணால் எழுதத் துணிகிறவர் மட்டும் எடுக்கலாம்.

நாடில்லாத அவை, 1799 முதல் 1806 வரை

திப்பு விழுந்த பிறகு அவர் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். மகால்கள் உண்டு, பரிவாரம் உண்டு, நாடு கிடையாது. திப்பு தன் 37 கனவுகளைக் கையால் எழுதிவைத்திருந்தார் என்பதே ஒரு நாவலுக்கான பொறி. 1806 ஜூலை 9-இல் கோட்டைக்குள் திப்பு மகளின் கல்யாணம். 10 விடியுமுன் சிப்பாய் எழுச்சி. சிறிய நாவல், ஒரே இரவு, 25,000 சொல்லில் முடிக்கலாம் என்று தோன்றும்.

இங்கேதான் மதிப்பிடுபவர் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும். சிப்பாய்கள் எழுந்ததற்குக் காரணம் இருந்தது: தோல் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, சம்பளம், அவமானம். கனவுப் புத்தகம் அவர்களை எழுப்பியது என்று எழுதினால், செத்தவர்களிடமிருந்து அவர்கள் காரணத்தைப் பிடுங்கியதாகும். கோட்டைக்கு எதிரே அவர்களுக்கு நினைவுத்தூண் நிற்கிறது. மாயம் யாரையாவது பார்க்க வைக்கலாம், பயமுறுத்தலாம், தாமதப்படுத்தலாம். எழுச்சியை அது நடத்தக் கூடாது. இதே அளவுகோல் 1614-க்கும் பொருந்தும்: குறி மாயம் மூட்டையை மறைக்கலாம், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும் துணிவு அந்த வண்ணாருடையதாக இருக்க வேண்டும்.

பிரதி கைக்கு வந்ததும்

எந்த அவையானாலும் மூன்று இடங்களை முதலில் புரட்டிப் பார்த்தால் போதும். முதல் மாயக் காட்சி: 40,000 சொல் நாவலில் அது 4,000-க்குள் வந்துவிட வேண்டும், அதிலேயே விலையும் தெரிய வேண்டும். நடுப்பகுதி: மாயம் ஒரு தடவையாவது தோற்க வேண்டும், அதுவும் முன்பே சொன்ன விதியால் தோற்க வேண்டும். உச்சம்: அங்கே புதிய சக்தி எதுவும் பிறக்கக் கூடாது. படைவீட்டு நாவலின் கடைசியில் திடீரென்று ஒரு சித்தர் குகையிலிருந்து இறங்கிவந்து குளிகை கொடுத்தால், அதுவரை எண்ணிவந்த பாலன், குமரன், அரசன் எல்லாம் வீண். இப்படி முடியும் பிரதிகள் ஏராளம். பெரும்பாலும் எழுத்தாளருக்குக் களைப்பு. 30-ஆம் அத்தியாயத்தில் சிக்கினால் திரும்பிப் போய் 8-ஆம் அத்தியாயத்தில் ஒரு விதியைச் சேருங்கள். முடிவை மட்டும் ஒட்டுப்போடாதீர்கள்.

பிறகு வயது. 14 வயதுப் பெண் அவையில் எழுந்து பேசினால் எல்லாரும் வாயடைத்துக் கேட்கிறார்கள் என்று எழுதுவது பிள்ளைகளையே ஏமாற்றும். 1614-இல் அவள் பேச முடியாது. கேட்கலாம், சுமக்கலாம், குறி போடலாம், பொய் சொல்லலாம். வாய் திறக்க முடியாத ஒருத்தி ஒரு வாரிசை மாற்றுவதுதான் கதை.

நடைமுறையில் என் வரிசை இது. முதல் நாவல், யாப்புப் பழக்கமில்லை: வேலூர் 1614. வெண்பா எழுத வரும், பொறுமையும் உண்டு: படைவீடு. இந்த நிலத்தின் தமிழுக்கு வேறெந்த அவையும் அவ்வளவு கொடுக்காது, மனத்துக்குள் எனக்கு அதுவே முதலிடம். வீட்டிலோ நட்பிலோ உருது புழங்கும்: ஆற்காடு, 1744-ஐ நடுவில் வைத்து. 1806-ஐ இரண்டாவது மூன்றாவது நூலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

முடிவு படைவீடு என்றால் ஆடி மாதத்தில் போகாதீர்கள். ரேணுகாம்பாள் கோயில் கூட்டத்தில் மலையைப் பார்க்கவே முடியாது. தை, மாசியில் காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்தால், கமண்டல நாக நதிப் பக்கம் நின்று ராஜகம்பீரன் மலையை வெயில் ஏறுமுன் பார்க்கலாம். கம்பணன் படை வந்த அன்று ஊர்ப்பிள்ளைகள் எந்தப் பாறையில் ஏறி நின்று பார்த்திருப்பார்கள் என்று தேடுங்கள். முதல் அத்தியாயத்துக்கு அந்த இடம் வேண்டும்.